முதிரை மரத்து யன்னல்

உங்கள் முகத்துக்கு அந்தத் தோடு கொஞ்சம் பாரம், மிஸ். குறையாக எடுக்க வேண்டாம். தொழில் பழக்கம், யாரைக் கண்டாலும் முதலில் காதைத்தான் பார்ப்பேன். தங்கம் நல்ல தங்கம்தான். ஆனால் முழுத் தகடாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. தோடு என்றால் அதற்குள்ளால் வெளிச்சம் போக வேண்டும், போய்க் கன்னத்தில் விழ வேண்டும். ஒரு நகையில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு ஓட்டை இருக்கிறது என்பதுதான் பெரிது. இதை எனக்குச் சொல்லித் தந்தவள் என் தங்கை கிருசாந்தினி. அவளைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் சுசிலா. முல்லைத்தீவுக் கரையில் சிலாவத்தை எங்கள் இடம். அப்பா இராயப்பு கடல் தொழில். கடைசிச் சண்டையில் அப்பாவும் அம்மாவும் ஒரே பங்கர்க் குழியில் செத்துப் போனார்கள். நானும் கிருசாவும் மிஞ்சினோம். அவள் அப்போது பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற பிள்ளை. வவுனியா முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றது நான், குடித்தது அவள். பிறகு எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன், அவள் தனித்துப் போவாள் என்று. அவள் எனக்குத் தங்கை என்பதைவிட நான் பெறாத பிள்ளை. இதை விடாமல் எழுதுங்கள். பிறகு நடந்ததெல்லாம் இந்தப் பாசத்தால்தான் நடந்தது.

அவளை ஜித்தாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியதும் நான்தான். அதில் ஒளிக்க எதுவும் இல்லை. மாங்குளத்தில் பிரதான வீதியோடு ஒரு தையல் கடை போட வேண்டும் என்று எனக்கு எண்ணம். அதற்கு யாராவது ஒருத்தி வெளிநாடு போகத்தான் வேண்டும். எனக்குத் தையல் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆகவே அவள் போனாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் எதற்கும் மாட்டேன் என்று சொல்கிற பிள்ளை இல்லை.

அவள் வேலை செய்த வீடு புது வீடுதானாம். ஆனால் வீட்டுக்காரர் பழைய நகரத்து வீடுகளைப் பார்த்து, அதே மாதிரிக் கட்டுவித்திருந்தாராம். மேல்மாடியில் சுவரைத் தாண்டி வெளியே தள்ளிக்கொண்டு, பெரிய அலுமாரி ஒன்றைத் தொங்கவிட்டதுபோல ஒரு மரப்பெட்டி. அதை ரோஷான் என்பார்களாம். பெட்டியின் முன்பக்கம் முழுவதும், கடைந்தெடுத்த சின்ன மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்த பின்னல். அதற்குப் பெயர் மஷ்ரபியா. உள்ளே இருப்பவளுக்குத் தெரு முழுக்கத் தெரியும். தெருவில் நிற்பவனுக்கு ஒரு இருட்டு மட்டும்தான் தெரியும். வாசலுக்கு மேலே, தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு வேலை. கதவு நிறையப் பித்தளைக் குமிழ்கள். முற்றத்தில் எட்டு மூலை வைத்த தண்ணீர்த் தொட்டி. வளைவுகள் எங்கள் மாதா கோயில் வளைவுபோல நேரே கீழே இறங்காமல், அடியில் மறுபடியும் உள்ளே வளைந்து குதிரை லாடம்போல நிற்குமாம். இவ்வளவும் அவள் வாயால் வந்தவை அல்ல. அவள் பிறகு கீறிய படங்களைப் பார்த்து நான் துருவித் துருவிக் கேட்டு அறிந்தவை.

அந்த மரப்பெட்டிக்குள்தான் அவளுக்குப் படுக்கை. வீட்டுக்காரியை 'மடம்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அந்த மடம் வெளியே போகும்போது கதவை வெளியால் பூட்டிவிட்டுப் போவாளாம். போனைப் போன அன்றே வாங்கி வைத்துவிட்டாளாம். வேலை முடிகிற காலம் வந்தபோது, இவளைக் கேட்காமலே இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டினாளாம். நெஞ்சில் ஈரமில்லாத மனுசி, மிஸ். தன் வீட்டில் இருப்பவளை ஒரு பிள்ளையாக நினைத்திருந்தால் அப்படிச் செய்திருப்பாளா?

அந்த இரண்டு வருடமும் முடிந்து அவள் திரும்பியபோது, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நான்தான் போய்க் கூட்டிவந்தேன். என்னைக் கண்டதும் அவள் கட்டிப்பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு என் கையிலிருந்த பையை வாங்கித் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

மாங்குளத்தில் கடை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒரு அறையும் குசினியும். கிருசா பின்னறைச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். ஒருநாள் வெட்டுவதற்கு விரித்து வைத்த கறுப்புத் துணியில், தையல் சோக்கால் எதையோ கீறிக்கொண்டிருந்தாள். ஏச வேண்டும் என்று எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு நட்சத்திரம் இன்னொரு நட்சத்திரத்தைப் பெற்று, அது இன்னொன்றைப் பெற்று, எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாமல் துணி முழுக்க ஓடியது. அளவுகோல் இல்லை, அழித்த அடையாளம் இல்லை.

என்ன இது என்று கேட்டேன். யன்னல் என்றாள். பிறகு சொன்னாள்:

"வெளியில நிக்கிறவைக்கு அது சிங்காரம், அக்கா. உள்ளுக்க இருக்கிறவளுக்கு அதுதான் றோட்டு, அதுதான் கோயில்."

அந்தக் கிழமை கனடாவிலிருந்து வந்த ஒரு மணப்பெண் சேலைச் சட்டை தைக்கத் தந்திருந்தாள். சட்டையின் முதுகைத் திறந்து, கிருசா கீறிய பின்னலைத் தங்க நூலில் இறக்கினேன். முதுகில் ஒரு மஷ்ரபியா. அவள் நடக்கும்போது அந்த ஓட்டைகளுக்குள்ளால் தோல் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. கலியாண மண்டபத்தில் மாப்பிள்ளையைவிட அந்த முதுகைத்தான் சனம் பார்த்தது. அதற்குப் பிறகு எனக்கு இருக்க நேரமில்லை.

துணியோடு நிற்கவில்லை. வவுனியாவில் வெள்ளி வேலை செய்யும் அஜந்தன் என்ற பொடியனிடம் கிருசாவின் கீறல்களைக் கொண்டுபோனேன். அவன் வெள்ளித் தகட்டை மயிர் போன்ற வாளால் அறுத்து முலாம் பூசித் தந்தான். லாட வளைவு பதக்கமானது. கவிழ்த்த தேன்கூடு, ஐந்து அடுக்கு வைத்த ஜிமிக்கியானது. கதவுக் குமிழ்கள் காப்பில் ஏறின. எட்டு மூலைத் தொட்டி நெற்றிச்சுட்டியின் நடுவில் வந்து உட்கார்ந்தது. கொழும்பில் பெரிய கடை வைத்திருக்கும் ஒரு அம்மா தானே கார் பிடித்து வந்து பார்த்தார். அரபு வீட்டு வேலைப்பாட்டை நகையாக்குகிறவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்களாம். ஆனால் அவர்கள் வெளியே நின்று பார்த்துச் செய்கிறார்கள், இது உள்ளே இருந்து பார்த்துச் செய்தது என்றார். படித்த மனுசி, பிடித்துவிட்டார். கடைக்கு 'யன்னல்' என்று பெயர் மாற்றினேன்.

என்னைக் கேட்டால், அந்தக் காலம்தான் நாங்கள் இருவரும் நன்றாக இருந்த காலம். நான் கேட்பேன், அவள் கீறுவாள். அதற்குமேல் கதை இல்லை.

பிறகு வின்சன் வந்தான்.

அவன் நந்திக்கடலில் இறால் பிடிக்கிறவன். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு மாங்குளத்துக்கு வந்து விற்பான். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, எங்கள் வேதம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதலில் இறாலைத் தந்துவிட்டுப் போனான். பிறகு தந்துவிட்டு நின்றான். கிருசா கதவடிக்கு வந்தாள். பிறகு வாசலுக்கு. ஒருநாள் நான் தையலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது, இருவரும் வீதிக்கு அந்தப் பக்கம் நின்று ஐஸ்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முகாமுக்குப் பிறகு நான் அவளுடைய பல்லைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கும் சந்தோசம்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் பொறாமை என்று எழுத வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை.

கோயில் திருவிழாவுக்கு அவனோடு சிலாவத்தைக்குப் போனாள். கடலில் கால் நனைத்துவிட்டு வந்தாள். வந்தவள் கீறிய படங்களைப் பாருங்கள், மிஸ், அவை கடையில் இன்னும் கிடக்கின்றன. மீன். நண்டு. சிப்பி. கோயில் மணிக்கூண்டு. எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் கீறக்கூடியவை. நட்சத்திரப் பின்னலைக் கேட்டால் முயற்சி செய்வாள், ஆனால் ஒரு மூலையில் கோடு சந்திக்காது. "கை மறந்துபோச்சு, அக்கா" என்று சிரிப்பாள். அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது.

கொழும்பு அம்மாவுக்கு மீன் தோடுகளை அனுப்பினேன். போன் எடுத்தார். "இது எல்லா இடத்திலயும் இருக்கு, சுசிலா. எனக்கு அந்த யன்னல்தான் வேணும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

இரவிரவாக நான் அதையே யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு பிள்ளைக்குக் கடவுள் ஒரு கொடையைத் தந்திருக்கிறார். அதை ஒரு இறால் பெட்டிக்குப் பின்னால் ஏற்றி அனுப்பிவிடுவதா? கலியாணம் கட்டினால் காலையில் வலையிலிருந்து இறால் பொறுக்கிக்கொண்டு, மாலையில் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டு இருப்பாள். அது ஒரு வாழ்க்கைதான். எல்லோருக்கும் கிடைக்கிற வாழ்க்கை.

முதல் முறை தற்செயல். இதை நான் எங்கும் சத்தியம் பண்ணுவேன். அஜந்தனிடம் வவுனியாவுக்குப் போக வேண்டியிருந்தது. கிருசா பின்னறையில் நித்திரை. அந்த நாட்களில் மாங்குளத்தில் கள்ளர் பயம். பின்னறையில் வெள்ளி இருக்கிறதே என்று, பழக்கத்தில் வெளியால் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். போனை அவள் கடை மேசையில் வைத்திருந்தாள். வவுனியாவில் வேலை இழுபட்டு, திரும்பி வரப் பொழுது பட்டுவிட்டது.

கதவைத் திறந்தேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. சுவர் மூலையில் குந்திக்கொண்டு இருந்தாள். பாவாடை நனைந்து காய்ந்திருந்தது, அதை மாற்றிவிட்டேன். சுவரைப் பார்த்தேன். நிலத்திலிருந்து அவள் கை எட்டுகிற உயரம் வரைக்கும் தையல் சோக்கால் கீறியிருந்தாள். பன்னிரண்டு மூலை நட்சத்திரம், மிஸ். அதற்கு முன் அவள் கீறாதது. ஒரு கோடு பிசகவில்லை. நான் அதன் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்தப் பின்னல் கொழும்பில் இரண்டு பதக்கமாகவும் ஒரு சேலைக் கரையாகவும் போனது. அந்த அம்மா போன் எடுத்து, "இது எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டார்.

இரண்டாவது முறை தற்செயல் இல்லை. அரைநாள். கிருசாவிடம் சொல்லிவிட்டுத்தான் பூட்டினேன். வாடிக்கையாளர் வந்து குழப்புகிறார்கள், நீ அமைதியாக இருந்து வேலை செய், மத்தியானம் திறந்துவிடுகிறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஓம், அக்கா" என்றாள். மத்தியானம் திறந்தும் விட்டேன். சொன்ன சொல் தவறவில்லை.

அதன் பிறகுதான் யன்னல் செய்வித்தேன். ஜெயபுரத்திலிருந்து பொன்னையா என்ற தச்சர் வந்தார். மலையகத்திலிருந்து அந்தக் காலத்தில் இடம்பெயர்ந்து வந்த குடும்பம், நிதானமான மனிதர். கடைக்கும் பின்னறைக்கும் இடையிலுள்ள சுவரை உடைத்து, கிருசாவின் கீறலைக் கொடுத்து, முதிரை மரத்தில் அப்படியே பின்னச் சொன்னேன். கடை அலங்காரம் என்றேன். பொய் இல்லை, அதன் முன்னால் நின்று படம் எடுக்காத மணப்பெண் இல்லை. பொன்னையா முடிக்கிற நேரம், துடைக்க வசதியாகத் திறந்து மூட ஒரு கொளுக்கி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அதைப் பொருத்தி முடித்த அன்று கிருசா கிட்ட வந்து தடவிப் பார்த்தாள். விரலை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு எடுத்தாள்.

"இதை முதல் முதல் யோசிச்ச தச்சன் நல்லவன், அக்கா" என்றாள். "பொம்பிளையள் காத்து வாங்கிக்கொண்டு ஆறுதலா இருக்கட்டும் எண்டுதான் செய்திருப்பான். பூட்டினது வேற ஆள்."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாக நீட்டிப் பேசிய பேச்சு.

அன்றையிலிருந்து அவள் அந்த அறைக்குள்தான். வசதி எல்லாம் செய்து கொடுத்தேன். மெத்தை, மின்விசிறி, பின்னால் ஒரு சின்னக் குளியலறை. கறி ஆறாமல் கொண்டுபோய்க் கொடுப்பேன். மீன் முள்ளை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன். ஜித்தாக்காரி மிஞ்சிய சோற்றைக் கொடுத்தவள். நான் எனக்கு முன் அவளுக்குப் போட்டேன். இரண்டையும் ஒன்றாக வைத்து எழுதிவிடாதீர்கள்.

வின்சனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. கிருசா திரும்ப ஜித்தாவுக்குப் போய்விட்டாள் என்றேன். அவன் கடைக்குள்ளே வந்து, யன்னலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னட்டச் சொல்லாமல் போகமாட்டா, அக்கா" என்றான்.

"போயிட்டாள், தம்பி. உன்னைக் காத்திருக்க வேண்டாமெண்டு சொன்னவள்."

"ஒரு நம்பரெண்டாலும் தாங்கோவன்."

"போனை அங்க வாங்கி வைச்சிடுவினம். உனக்குத் தெரியாதே."

அது அவனுக்குத் தெரியும். கிருசாவே அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் தலையாட்டினான். அவள் யன்னலுக்கு அந்தப் பக்கம், அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு எட்டு வைக்கிற தூரம்கூட இல்லை. கடையில் வெளிச்சம், உள்ளே இருட்டு. அவன் அந்த மரவேலையைப் பார்த்து, வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகும் சில தடவை வந்தான். பிறகு வரவில்லை.

வேறு யாரும் கேட்கவில்லை. இது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், எனக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் காணாமல் போனவர்களுக்காக இன்னும் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இருக்கிறார்கள், தாய்மார். ஆனால் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போய்ச் சத்தமில்லாமல் போன ஒருத்தியின் படத்தை யாரும் பிடித்து நான் கண்டதில்லை. போயிருக்கிறாள் என்றால் சனம் தலையை ஆட்டும். அவ்வளவுதான். பக்கத்துத் தேநீர்க் கடை நாகேஸ்வரி அக்கா மட்டும் ஒருநாள், கிருசாவின் குரல்போலக் கேட்டதே என்றார். வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறாள், அதைத்தான் போட்டுக் கேட்டேன் என்றேன். நல்லாயிருக்கிறாளோ என்று கேட்டார். ஓம் என்றேன். மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வேலை? அதைச் சொல்லவே வேண்டும். அவள் வாழ்க்கையிலேயே அப்படிக் கீறவில்லை. பின்னல்கள் வர வர நுணுகின. ஓட்டைகள் சின்னதாகிக்கொண்டே போயின. அஜந்தன் தன் வாள் உள்ளே போகாது என்று முறைப்பட்டான். கொழும்பு அம்மா இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றார். ஒரு பத்திரிகையில் என் படம் வந்தது. பாலைவன வீடுகளின் நிழலை வன்னிக்குக் கொண்டுவந்த பெண் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பத்திரிகையை யன்னலுக்குள்ளால் அவளுக்குக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், மடம்" என்றாள்.

மடம் என்று அவள் என்னைக் கூப்பிடத் தொடங்கியது எப்போது என்று கேட்டீர்கள். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் பகிடி என்று நினைத்தேன். பிறகு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். முதலாளியாக எனக்கும் ஒரு மரியாதை வேண்டும்தானே. நான் கதவைத் திறந்தால் எழுந்து நிற்பாள். தட்டைக் கழுவி வைத்திருப்பாள். நிலத்தைத் துடைத்து வைத்திருப்பாள். அரபியில் ஏதோ சொல்வாள். எனக்கு விளங்காது, தலையாட்டுவேன்.

வின்சன் மறுபடி வந்தான். இந்த முறை ஒரு பெண்ணோடு. ஜெயரூபினி, கள்ளப்பாடு ஊர்ப் பிள்ளை, நல்ல அடக்கம். கலியாணச் சட்டைக்கு வந்தார்கள். அந்தப் பெண் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், நான் அளவெடுத்தேன். தனக்கும் முதுகில் இதே பின்னல் வேண்டும் என்றாள். வின்சன் வாங்கில் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிருசா அக்காவிடமிருந்து ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டது ஜெயரூபினிதான், அவன் இல்லை. கலியாணத்தைச் சொல்லிவிடுங்கள், சந்தோசப்படுவா என்றும் சொன்னாள்.

நான் அளவு நாடாவைப் பிடித்தபடி காத்திருந்தேன். ஒரு சத்தம் வந்தால் எல்லாம் முடிந்தது. எனக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். மரத்தில் ஒரு தட்டு, ஒரு இருமல், போதும். யன்னலுக்குப் பின்னால் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவள் கூப்பிடவில்லை, மிஸ். வாய் இருந்தது, குரல் இருந்தது, அவன் இருந்தான். கூப்பிடவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு மனம் ஆறியது. அவள் தன் விருப்பத்தில்தான் இருக்கிறாள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவர்கள் போன பிறகு அவள் ஒரு மணப்பெண்ணுக்கான முழு நகைச் சோடிப்புக் கீறினாள். லாட வளைவுக்குள் லாட வளைவு, அதற்குள் இன்னொன்று, கழுத்திலிருந்து நெஞ்சுவரை இறங்கும் மாலை. அதை ஜெயரூபினிக்கு என் பரிசாகவே கொடுத்தேன். முல்லைத்தீவில் கோயிலில் அவள் அதைப் போட்டுக்கொண்டு, முதுகில் என் தங்கையின் யன்னலோடு முழந்தாளிட்டாள். நானும் போயிருந்தேன். வடிவான சோடி.

மாரி வந்தது. மாங்குளம் முழுக்க டெங்குக் காய்ச்சல். கிருசாவுக்கும் வந்தது. பனடோல் கொடுத்தேன், பப்பாசி இலைச் சாறு கொடுத்தேன், பக்கத்திலேயே இருந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன். உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. பல் முரசில் இரத்தம் வந்தது. அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் அவள் ஜித்தாவில் இருக்கிறாள். ஜித்தாவில் இருக்கிற ஒருத்தியைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் எப்படிக் கிடத்துவது? ஆட்டோக்காரனுக்கு என்ன சொல்வது? நாகேஸ்வரி அக்காவுக்கு என்ன சொல்வது? இன்றைக்கு ஆறும், நாளைக்கு ஆறும் என்று பார்த்தேன்.

நேற்றுக் காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அவள் தெளிவாக இருந்தாள். எழும்பிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். தமிழில் பேசினாள். நான் அதற்கே சந்தோசப்பட்டேன்.

"மடம், நான் எப்ப ஊருக்குப் போகலாம்?" என்று கேட்டாள்.

கொழும்புக்குக் கொடுக்க வேண்டிய ஒரு சோடிப்புப் பாதியில் கிடந்தது. "இதை முடிச்சுத் தா. பிறகு அனுப்பிவிடுறன்" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். பென்சிலை எடுத்தாள். கொஞ்சம் கீறினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஊரில எனக்கு ஒரு அக்கா இருக்கிறா, மடம். அவா என்னைத் தேடுவா."

நான் ஓம் என்றேன்.

மத்தியானத்துக்கு முன்பே கை கால் குளிர்ந்துவிட்டது. கஞ்சியோடு நான் உள்ளே போனபோது முடிந்திருந்தது. குளிக்கவார்த்து, தலை இழுத்து, நல்ல சேலை உடுத்திக் கிடத்தியிருக்கிறேன். அறைப் பூட்டின் திறப்பு இதோ, உங்கள் மேசையில்.

நான் ஏன் நானாகப் பொலிசுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். அவளைச் சிலாவத்தைச் சேமக்காலையில் அடக்க வேண்டும், மிஸ். பாதர் மரணச் சான்றிதழ் இல்லாமல் செய்ய மாட்டார். ஜித்தாவில் இருக்கிறவளுக்கு இங்கே சான்றிதழ் தரமாட்டார்கள். ஆகவே அவள் இங்கேதான் இருந்தாள் என்று யாராவது எழுத்தில் சொல்லத்தான் வேண்டும். அதற்குத்தான் வந்தேன். ஒளிக்க வேண்டும் என்றால் வளவுக்குள் கிடங்கு வெட்டிப் புதைக்க எனக்குத் தெரியாதா?

நான் அவளை அடைத்து வைத்தேன் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தச் சொல் சரியில்லை. அடைத்தது ஜித்தாவில் அவர்கள். நான் அவளுக்கு இடம் கொடுத்தேன், வேலை கொடுத்தேன், பெயர் கொடுத்தேன். பெயர் என் பெயரில் இருந்தது என்பது வேறு கதை. அவள் ஒரு நாளும் போகிறேன் என்று சண்டை பிடிக்கவில்லை. கதவில் தட்டவில்லை. அவளுக்கு அந்த அறை பிடித்திருந்தது. தன் விருப்பத்தில்தான் இருந்தாள். இதை நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

விருப்பத்தில் இருந்தவளுக்குப் பூட்டு எதற்கு என்று கேட்கிறீர்கள்.

பூட்டாமல் விட்டால் போய்விடுவாளே, மிஸ்.